நஞ்சராயன் குளமும் அப்பாவின் கேமராவும்!

அவிநாசிபாளையம் என்றால் பலரும் அவிநாசி என்றே நினைத்துக்கொள்வார்கள். இரண்டும் வேறு. திருப்பூருக்கு வடக்கே, தேர் ஓடும் ஊர் அவிநாசி. எங்கள் ஊர் தெற்கே, கோவை - திருச்சி நெடுஞ்சாலையும் தாராபுரம் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. பஸ் மாறுவதற்காக இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

ரோட்டை விட்டு உள்ளே போனால் கொறங்காடு. கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், மேயும் காங்கேயம் மாடுகள். மின்கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருக்கும். பறக்கும்போதுதான் அதன் சிறகில் எத்தனை நீலம் என்று தெரியும். அந்தப் பனங்காடைதான் என் அப்பாவை கேமராக்காரர் ஆக்கியது.

அப்பா திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். வேலையை விட்டு ஓய்ந்து உட்கார்ந்தபோது, என் தம்பி ஒரு கேமராவும் 100-400 எம்.எம். லென்ஸும் வாங்கிக் கொடுத்தான். நாலு வருஷமாக கொறங்காட்டுப் பறவை ஒன்று விடாமல் எடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது ஒரே ஆசை, வரித்தலை வாத்து.

"முப்பது வருஷம் திருப்பூருக்கு வேலைக்குப் போனேன். நஞ்சராயன் குளத்துக்கு அது வருதுன்னு சொல்லுவாங்க. ஒரு நாளும் போய்ப் பார்க்கலை கண்ணு" என்பார். ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்மென்ட் என்று ஓடிய காலம் அது.

போன ஜனவரியில் கண் டாக்டரிடம் போனபோது, இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். கையெட்டும் தூரம் தெரிகிறது, தள்ளி இருப்பது மங்கல். மார்ச்சில் ஆபரேஷன். அதற்குள் வாத்துகள் ஊருக்குக் கிளம்பிவிடும். "அடுத்த வருஷம் பாத்துக்கலாமுங்கப்பா" என்றேன். "அடுத்த வருஷத்தை யாரு கண்டா?" என்றார். அடுத்த ஞாயிறே கிளம்பிவிட்டோம்.

இமயத்தைத் தாண்டி வரும் விருந்தாளி

திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி ரோட்டில் போனால் சர்க்கார் பெரியபாளையம். பழைமையான சுக்ரீஸ்வரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. பக்கத்திலேயே நஞ்சராயன் குளம். நொய்யலில் கலக்கும் நல்லாற்றுத் தண்ணீர்தான் இதற்கு ஆதாரம். பல நூற்றாண்டுகளுக்கு முன் நஞ்சராயன் என்ற மன்னர் சீரமைத்ததால் இந்தப் பெயர் என்கிறார்கள்.

சுமார் 126 ஹெக்டேர் பரப்பு. 191 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. 2022-ல் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்டில் விழுப்புரம் மாவட்டத்துக் கழுவேலியோடு சேர்ந்து ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. சாயக்கழிவுக்காக 2011-ல் சாயப்பட்டறைகளையே மூடச்சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட ஊர் இது. அதே ஊருக்கு உலக அளவில் இப்படி ஒரு பெயர் கிடைத்ததில் எங்களுக்கெல்லாம் தனிப் பெருமை.

வரித்தலை வாத்துக்கு வெள்ளைத் தலை. பின்தலையில் மை தீட்டியது போல இரண்டு கறுப்புப் பட்டைகள். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இமயத்தைத் தாண்டி இந்தியா வருகிறது. கருவி பொருத்திக் கண்காணித்ததில் 7,000 மீட்டருக்கும் மேலே பறந்தது தெரியவந்திருக்கிறது. அவ்வளவு தூரம் வந்து நம் குளத்தங்கரையில் புல் மேய்கிறது!

எட்டாத தூரத்துக்கு ஒரு குட்டி லென்ஸ்

குளம் பெரியது. 400 எம்.எம். போதாது என்று அப்பாவுக்குத் தெரியும். பெரிய லென்ஸ் வாங்க லட்சங்கள் வேண்டும். அதனால் 2 எக்ஸ் டெலிகன்வெர்ட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தார். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டுகிற குட்டி லென்ஸ் அது. 1.4 எக்ஸ் மாட்டினால் 400 எம்.எம். லென்ஸ் 560 ஆகும். 2 எக்ஸ் மாட்டினால் 800. "இதைப் போட்டா வாத்தோட கண்ணு இமை தெரியும் பாரு சாமி" என்று பேரனிடம் பெருமையடித்தார்.

கொறங்காட்டில் வைத்துச் சோதித்தபோதே சிக்கல் தெரிந்தது. பனங்காடை பெரிதாகத்தான் வந்தது. ஆனால், சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தது போல இருந்தது. லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுகிறதே தவிர, ஃபோகஸில் நிற்கவில்லை.

காரணம் எளிது. கன்வெர்ட்டர் படத்தின் நடுப்பகுதியை மட்டும் பெரிதாக்கி விரிக்கிறது. அதே வெளிச்சம் அதிக இடத்துக்குப் பரவுவதால் படம் இருட்டாகும். 1.4 எக்ஸில் வெளிச்சம் பாதி. 2 எக்ஸில் கால்வாசிதான். எஃப் 5.6 லென்ஸ் முதலாவதில் எஃப் 8 ஆகும். இரண்டாவதில் எஃப் 11. அப்பாவுடையதைப் போன்ற டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு எஃப் 8-க்கு மேல் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. அதிலும் சிலவற்றில் நடுப்புள்ளி மட்டும்தான். புதிய மிரர்லெஸ் கேமராக்கள் பரவாயில்லை, எஃப் 11-லும் சமாளிக்கும்.

கையால் ஃபோகஸ் செய்யலாம்தான். ஆனால், புரை விழுந்த கண்ணோடு எப்படிச் செய்வது?

அப்பாவே பிறகு ஓர் உதாரணம் சொன்னார். "துணியில இழை எண்றதுக்கு ஒரு கண்ணாடி வெச்சுப் பார்ப்போமே, அதுல ஓட்டை இருந்தா ஓட்டையும் பெருசாத்தான் தெரியும். கண்ணாடி துணியை நல்லதாக்காது." லென்ஸின் குறையையும் கை நடுக்கத்தையும் கன்வெர்ட்டர் சேர்த்தே பெரிதாக்குகிறது. மறுநாளே 2 எக்ஸைத் திருப்பிக் கொடுத்து, 1.4 எக்ஸ் வாங்கி வந்தார்.

கழுத்து உயர்ந்தால் நில்!

தம்பியின் காரில் ஐந்து மணிக்குக் கிளம்பினோம். விடியும்போது குளக்கரையில் இருந்தோம். முதலில் தெரிந்தது நீர்க்காகங்களும் நாமக்கோழிகளும். எதிர்க்கரைச் சேற்றில் சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டம். என் கண்ணுக்கே புள்ளிகளாகத்தான் தெரிந்தது. அப்பா நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே தெரியலையே" என்றார். அவர் குரல் இறங்கியதைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"நான் போய்க் காட்டறேன் அப்புச்சி" என்று என் மகன் கரையை ஒட்டிக் கொஞ்ச தூரம் ஓடினான். நானும் தடுக்கவில்லை. இன்னும் நாற்பதடி போனால் நல்ல படம் கிடைக்கும் என்று எனக்கும் ஆசைதான்.

பக்கத்தில் பைனாகுலரோடு நின்றிருந்த ஒரு பெரியவர் மெதுவாகச் சொன்னார். "தம்பி, அங்கயே நின்னுக்கோ. கழுத்தைப் பாரு."

மேய்ந்துகொண்டிருந்த அத்தனை தலைகளும் நிமிர்ந்து நின்றன. ஒன்றுகூடப் புல்லைத் தொடவில்லை.

"மேயறதை நிறுத்திட்டா நாம தொந்தரவு பண்றோம்னு அர்த்தமுங்க. திரும்பிப் போறதுக்கு உடம்புல கொழுப்புச் சேர்க்கோணும். ஒவ்வொரு வாட்டி எழுப்பி விட்டா, சேர்த்ததெல்லாம் இங்கயே செலவாயிடும்" என்றார்.

மகன் பூனை மாதிரி பின்னால் வந்தான். இரண்டு நிமிஷத்தில் ஒவ்வொரு கழுத்தாக இறங்கியது. கன்வெர்ட்டர் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாத்தைப் பக்கத்தில் காட்ட மட்டும் இல்லை, நம்மைத் தள்ளி நிறுத்தவும்தான்.

அப்பா கரைக் கல்லின் மேல் ஒரு பையை வைத்தார். பனியன் வேஸ்ட் துணியில் அவரே தைத்து, உள்ளே கம்பு நிரப்பியது. ட்ரைபாடு இல்லாதவர்களுக்கு இது போதும்; லென்ஸ் அசையாமல் உட்காரும். 560 எம்.எம். என்பதால் ஷட்டர் வேகம் நொடியில் 1,000-ல் ஒரு பங்கு, ஐ.எஸ்.ஓ. 1,600. நடுப்புள்ளியை மட்டும் வைத்து, சின்னச் சின்னத் தொடராக எடுத்தார்.

எட்டரை மணிக்குமேல் வெயில் ஏறியதும் படங்கள் நெளிய ஆரம்பித்தன. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும்போது வெளிச்சம் வளைகிறது. தார் ரோட்டில் கானல் தெரிவது போலத்தான். எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் இதைச் சரிசெய்யாது. தூரத்துப் படம் வேண்டுமென்றால் விடியற்காலையில் போக வேண்டும், அவ்வளவுதான்.

நிழலில் உட்கார்ந்து கேமராத் திரையைப் பார்த்தோம். முக்கால்வாசிப் படங்கள் வீண். ஒன்றை மட்டும் மகன் பெரிதாக்கினான். வாத்து சட்டத்தில் சிறியதுதான். ஆனால், தெளிவு. அப்பா திரையைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு விரலால் எண்ணினார்.

"ஒண்ணு... ரெண்டு. ரெண்டு பட்டை!"

அதற்குமேல் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நீங்களும் போகலாம்!

- நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல சீசன். விடிவதற்கு முன்பே போய்விடுங்கள். பளிச்சென்ற நிற உடை வேண்டாம்.
- கன்வெர்ட்டர் எல்லா லென்ஸுக்கும் பொருந்தாது. சிலவற்றில் உள்கண்ணாடி இடித்துவிடும். உங்கள் லென்ஸுக்கு ஏற்றதா என்று நிறுவனத்தின் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள்.
- முதலில் வாடகைக்கு எடுங்கள். ஒரே காட்சியை கன்வெர்ட்டர் போட்டும் போடாமலும் எடுத்து, போடாததை வெட்டிப் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் காசு மிச்சம்.
- செல்போன் மட்டும்தான் இருக்கிறதா? பைனாகுலரின் ஒரு கண்ணில் போன் கேமராவை ஒட்டிப் பிடித்து எடுத்துப் பாருங்கள். பழகினால் நன்றாகவே வரும்.

திரும்பும் வழியில் சுக்ரீஸ்வரரைக் கும்பிட்டோம். ஊத்துக்குளி வெண்ணெய் அரைக் கிலோ வாங்கினோம். அப்பாவுக்கு மார்ச்சில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்த மறுவாரமே கொறங்காட்டு வேலியோரம் நின்று, கேமரா இல்லாமல் பனங்காடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நவம்பர்ல போலாமா கண்ணு?" என்றார். போகிறோம்.