உலோகத்தை அச்சடித்தால் கட்டுப்படியாகுமா?

2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் பள்ளம் தோண்டியபோது 20க்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகள் கிடைத்தன. இந்த மாதிரிச் சிலைகளைச் சுவாமிமலையில் இன்றும் வார்க்கிறார்கள். மெழுகில் உரு செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். சிலையை எடுக்க அச்சை உடைத்தாக வேண்டும். அடுத்த சிலைக்குப் புது மெழுகு, புது அச்சு!

சரி, அச்சே இல்லாமல் செய்ய முடியுமா? முடியும். த்ரீ டி பிரிண்டிங்கில் முக்கியமாக மூன்று வழிகள்.

ஒன்று, உலோகப் பொடியை மெல்லிசாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் உருக்கி அடுக்கடுக்காக வளர்ப்பது. நுணுக்கம் அதிகம், செலவும் அதிகம்.

இரண்டு, வெல்டிங் போலக் கம்பியை உருக்கி அடுக்குவது. பெரிய பாகங்கள் சீக்கிரம் முடியும். ஆனால் மேல்பரப்பு கரடுமுரடு, பிறகு கடைசல் வேலை உண்டு.

மூன்று, பொடியைப் பசையால் ஒட்டிச் சூளையில் சுடுவது. சின்னப் பாகங்கள் நிறையச் செய்யலாம். சுடும்போது சுருங்கும், அதற்கும் சேர்த்து அளவு வைக்க வேண்டும்.

முதல் வழியில் செய்த பிஎஸ்4 ராக்கெட் எஞ்சினை இஸ்ரோ 2024 மே 9 அன்று மகேந்திரகிரியில் 665 வினாடிகள் இயக்கிப் பார்த்தது. 14 பாகங்கள் ஒன்றாயின, 19 வெல்டிங் இணைப்புகள் ஒழிந்தன. எஞ்சினுக்கு 565 கிலோ மூலப்பொருள் தேவைப்பட்ட இடத்தில் 13.7 கிலோ பொடியே போதுமானதாக இருந்தது.

அப்படியானால் பம்ப்செட் இம்பெல்லரையும் பிரிண்ட் செய்துவிடலாமே? இங்கேதான் கணக்கு மாறுகிறது. ஆயிரக்கணக்கில் வார்க்கும்போது அச்சுச் செலவு பிரிந்து, ஒரு இம்பெல்லருக்குச் சில்லறைதான் விழும். பிரிண்டிங்கில் முதல் பாகத்துக்கும் ஆயிரமாவது பாகத்துக்கும் ஏறக்குறைய ஒரே செலவு. ஆனால் உதிரிபாகமே கிடைக்காத ஒரு பழைய எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் பிரிண்டிங் ஜெயிக்கும்.

ஆக, எது நவீனம் என்பதல்ல கேள்வி. எத்தனை வேண்டும் என்பதே கேள்வி!