இடத்தை அடைத்துக்கொண்டு...

போன மாதம் அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். முழங்கால் வலி, ராத்திரி தூக்கமில்லை, காது மந்தம் என்று அம்மா ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். ‘‘வயசாச்சில்லம்மா, அப்படித்தான்!’’ ஃபீஸ் ஐந்நூறு ரூபாய்.

ஆட்டோவில் திரும்பும்போது அம்மா சொன்னாள்: ‘‘அவர் சொல்றது சரிதாண்டா. பழசு இடம் விட்டாத்தானே புதுசுக்கு இடம்? நான்தான் அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.’’

அம்மாவுக்கு எழுபத்தெட்டு. முழங்காலைவிட இந்த வார்த்தைதான் என்னை அதிகம் உறுத்தியது. நான் பி.காம். உயிரியலுக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு கணக்குத் தீர்ந்துவிட்டது. இருந்தாலும் வீம்புக்குத் தேடிப் படித்தேன்.

அம்மா சொன்னதையே 1880-களில் ஆகஸ்ட் வைஸ்மான் என்கிற ஜெர்மானிய மேதை சொல்லியிருக்கிறார். தேய்ந்துபோன பழைய பிராணிகள் புதுசுகளுக்கு வழிவிடத்தான் முதுமையும் சாவும் என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், கொஞ்சம் யோசியுங்கள். வயல்வெளியில் கிழட்டு எலியைப் பார்த்திருக்கிறீர்களா? பாம்பு, ஆந்தை, பசி, நோய் என்று ஏதோ ஒன்று அதற்கு முன்னாடியே கதையை முடித்துவிடுகிறது. ஆளே இல்லாத வீட்டைக் காலி செய்ய வக்கீல் நோட்டீஸ் எதற்கு?

இதைப் பளிச்சென்று விளக்கியவர் பீட்டர் மெடவார். பிற்பாடு 1960-ல் நோபல் பரிசு வாங்கியவர். 1951-ல் லண்டனில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அவர் உதாரணம் காட்டியது சோதனைக் குழாய்களை. நமக்கு டீக்கடைதான் வசதி.

கடையில் 100 கண்ணாடி கிளாஸ். மாசம் பத்து சதவிகிதம் கை தவறி உடைகிறது. உடைந்ததுக்கு ஈடாகப் புதுசு வாங்கிப் போடுகிறார் கடைக்காரர். முதலில் வாங்கிய நூறில் ஒரு வருஷம் கழித்து மிஞ்சுவது 28. ரெண்டு வருஷத்தில் 8. நாலு வருஷத்தில் ஒன்று இருந்தாலே அதிர்ஷ்டம். (கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். தேய்மானக் கணக்கேதான்!) இந்தக் கிளாஸ் எல்லாமே அஞ்சாவது வருஷத்தில் தானாக விரிசல் விடும் என்று ஒரு தயாரிப்புக் கோளாறு இருந்தால், கடைக்காரருக்குத் தெரியுமா? தெரியவே தெரியாது. அதுவரை எந்தக் கிளாஸும் தாக்குப்பிடிப்பதில்லையே!

இயற்கையும் அந்தக் கடைக்காரர் மாதிரிதான். இளமையிலேயே கொல்லும் கோளாறு, பிள்ளை பெறுவதற்கு முன்பே ஆளோடு போய்விடும். வயசான பிறகு தலைகாட்டும் கோளாறோ, அதற்குள் சொத்தோடு சொத்தாகப் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கப்பட்டுவிடும். முதுமை என்பது யாரும் போட்ட திட்டமில்லை. யாரும் கவனிக்காமல் விட்ட இடம்.

1977-ல் தாமஸ் கிர்க்வுட் இதில் பட்ஜெட்டைக் கொண்டுவந்தார். இங்கேதான் பி.காம்காரனுக்கு உயிர் வந்தது. உடம்புக்குக் கிடைக்கிற தீனி கொஞ்சம். அதில் ரிப்பேருக்கு எவ்வளவு, குட்டி போட எவ்வளவு? ஆறு மாசத்தில் திருடு போகப்போகிற ஸ்கூட்டருக்கு யாராவது இன்ஜின் வேலை பார்ப்பார்களா?

சரி, திருடனே இல்லாத ஊராக இருந்தால்? அதைப் போய்ப் பார்த்தவர் ஸ்டீவன் ஆஸ்டாட். இவர் ஆங்கில இலக்கியம் படித்து, பத்திரிகையில் வேலை பார்த்து, ஹாலிவுட்டுக்கு சிங்கம் பழக்கி, அப்புறம் உயிரியலுக்கு வந்தவர். (எனக்கும் நம்பிக்கை இருக்கிறது.) அமெரிக்காவில் ஒபாஸம் என்று பூனை அளவில் ஒரு பிராணி உண்டு. கங்காரு மாதிரி பையில் குட்டி வளர்க்கும். ரெண்டு வயசுக்குள் கண்ணில் புரை விழுந்து தள்ளாடிவிடும். ஜார்ஜியா மாநிலக் கடலோரத்தில் சபேலோ என்று ஒரு தீவு. சில ஆயிரம் வருஷங்களாகக் கரையிலிருந்து பிரிந்து கிடக்கிறது. ஒபாஸத்தை அடித்துத் தின்கிற பெரிய மிருகங்கள் அங்கே இல்லை. தீவிலும் கரையிலும் ஒபாஸங்களின் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டிவிட்டு, வருஷக்கணக்கில் பின்னாலேயே அலைந்தார் ஆஸ்டாட்.

1993-ல் முடிவு வெளியானது. தீவு ஒபாஸம் சராசரியாகக் கால் பங்கு அதிகம் வாழ்ந்தது. ஒரு ஈற்றில் கரையில் ஏழெட்டுக் குட்டி என்றால், தீவில் ஐந்தாறுதான். வாலிலிருந்து தசைநார் எடுத்துச் சோதித்தால், அதுவும் மெதுவாகத்தான் மூப்படைந்திருந்தது. பயமில்லாத ஊரில் உடம்பு நிதானமாகப் பழசாகிறது!

வௌவாலும் அப்படித்தான். பறந்து தப்பிக்கிறது, குகைக்குள் ஒளிகிறது. சைபீரியாவில் ஏழு கிராம் எடையுள்ள ஒரு பிராண்ட் வௌவால், வளையம் மாட்டி 41 வருஷம் கழித்து உயிரோடு சிக்கியது. ஏறக்குறைய அதே எடையுள்ள மூஞ்சூறு ரெண்டு வருஷம் வாழ்ந்தாலே பெரிது.

இத்தனையும் அம்மாவிடம் சொன்னேன், அடுப்படி வாசலில் உட்கார்ந்து. ‘‘உன்னை யாரும் இடம் விடச் சொல்லலைம்மா. அப்படி ஒரு சட்டமே இல்லை’’ என்றேன். கேட்டாளா, காது மந்தத்தில் பாதியை விட்டாளா தெரியவில்லை. டீ கிளாஸ் மட்டும் பிடித்துப்போயிருக்கிறது.

‘‘பரண் மேல ஊறுகா ஜாடி இருக்கே, எங்க அம்மா எனக்குச் சீராக் கொடுத்தது. இன்னும் உடையலை. ஏன்னு சொல்லு? நான் யார் கையிலயும் கொடுத்ததில்லை’’ என்றாள். அப்புறம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, ‘‘ஏறி அதை இறக்கு. மாவடு வர்ற நேரம்’’ என்றாள்.

ஸ்டூல் போட்டு ஏறினேன். எனக்கு நாற்பத்தாறு. இறங்கும்போது முட்டியில் ‘கடக்’கென்று ஒரு சத்தம்.

அது மட்டும் அம்மாவுக்குக் கேட்டுவிட்டது.