நத்தையின் நுனி

நீர் வடிந்துவிட்டது. மலேசியாவின் பேராக் கரையில், லூமுட்டில் டிண்டிங் ஆறு கடலை நெருங்கும் பக்கம், கண்டல் வேர்களுக்கு நடுவே சேறு வெயிலில் மின்னுகிறது. நீரேற்றத்தின்போது மரத்தண்டில் ஒட்டிக்கொண்டிருந்த நத்தைகள் இறங்கி மேயத் தொடங்குகின்றன. பாட்டி ஒருவர் கைலியை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு அவற்றைப் பொறுக்குகிறார். பேரன் வாளியோடு பின்னால் நிற்கிறான். சற்றுத் தள்ளி ஒரு வெண்கொக்கு சேற்றைக் குத்துகிறது, எச்சமிடுகிறது, நடக்கிறது.

“பெருசா பாத்து எடு ஐயா. சின்னத விட்டுரு, வளரட்டும்.”

“பெருசுலதான் புழு கூட இருக்குமாம் பாட்டி. படிக்கிற அக்கா சொன்னுச்சு.”

“நுனிய வெட்டிட்டு, தேங்காப்பால் ஊத்தி நல்லாக் கொதிக்க விட்டா எந்தப் புழுடா நிக்கும்?”

பையன் சிரித்துக்கொண்டே குனிகிறான்.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதிக நாள் மேய்ந்த நத்தைக்குத் தொற்றும் வாய்ப்பு அதிகம். சிப்புட் செடுட் எனும் இந்த உறிஞ்சு நத்தையைச் சமைப்பவர்கள் உறிஞ்ச வசதியாக வெட்டியெறியும் கூர்நுனிப் பக்கம்தான் நத்தையின் இனவிருத்தி உறுப்பு இருக்கிறது. தட்டைப்புழு குடியேறுவதும் அங்கேதான். பறவையின் குடலில் வாழும் புழுவின் முட்டை எச்சத்தோடு சேற்றில் விழுகிறது. மேயும் நத்தை அதை விழுங்குகிறது. சில இனங்களில் முட்டையிலிருந்து பொரிந்த குஞ்சே நீந்திவந்து நத்தையைத் துளைக்கிறது. உள்ளே பெருகும் புழுக்கள் நத்தையை மலடாக்கினாலும் உடனே கொல்வதில்லை. வால் முளைத்த நுண்புழுக்கள் அதன் உடலிலிருந்து நீரில் இறங்கி மீனிலோ நண்டிலோ புகுகின்றன. அதைப் பறவை தின்றால் புழு மறுபடி தன் வீடு சேர்கிறது.

இந்தச் சுற்றை ஓட்டுவது சூழல்தான். நீர் சூடேறினால் நுண்புழுக்கள் அதிகம் வெளியேறும். ஆனால் அவற்றின் ஆயுளும் சுருங்கும். பெருமழையில் ஆற்றுநீர் பாய்ந்து உப்பு குறைந்தால் பல இனங்கள் வலுவிழக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பறவை இறங்காத சேற்றில் முட்டையே விழாது.

கலிபோர்னியாவின் கார்ப்பின்டீரியா உவர்ச்சதுப்பில் இது தெளிவாகத் தெரிந்தது. சீரழிந்திருந்த பகுதியைச் சீரமைத்த பிறகு, சில ஆண்டுகளில் அங்குள்ள நத்தைகளில் புழுத்தொற்று பல மடங்கு கூடி, கெடாத பகுதிகளின் அளவை எட்டியது. டாட் ஹஸ்பெனியும் கெவின் லாஃபர்ட்டியும் 2004-இல் இதை வெளியிட்டார்கள். புழு பெருகியது நோயின் அறிகுறியாக இல்லை. பறவையும் மீனும் நண்டும் திரும்பி வந்ததற்குச் சாட்சியாக இருந்தது.

லூமுட்டுக்கு வடக்கே, இதே பேராக் கரையில், சுமார் 40,000 ஹெக்டேர் மாத்தாங் கண்டல்காடு நூற்றாண்டுக்கும் மேலாகக் காப்புக்காடாக நிற்கிறது. அதன் கோலா கூலாவில் வலசைப் பறவைகள் வந்து இறங்குகின்றன. லூமுட் பக்கமோ கடலைத் தூர்த்து மரினா தீவு எழுந்திருக்கிறது. மஞ்சோங் நிலக்கரி மின்நிலையமும் தூர்த்த நிலத்தில்தான் நிற்கிறது. எஞ்சியிருக்கும் சேறு எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. நத்தைகளைத் திறந்து பார்க்கும் பழக்கம் நம் பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் வந்தால் போதும்.

நத்தையை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள், புழுவுக்குப் பயப்படாதீர்கள். நத்தைகள் நிறைந்த சேற்றில் ஒன்றில்கூடப் புழு இல்லை என்று யாராவது சொன்னால், அன்றைக்குத்தான் பயப்பட வேண்டும்.