கிகாலியில் பேருந்துக்குக் காத்திருந்தபோது

காலை நிகழ்ச்சியில் சாலை நிலவரம் சொல்வது என் அன்றாட வேலை. அதனாலோ என்னவோ, எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பேருந்து நிலையத்தைத்தான் தேடுவேன். ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் அது நியாபுகோகோ. நகரப் பேருந்துகளும் வெளியூர்ப் பேருந்துகளும் கூடும் இடம்.

லாகோஸ், கைரோ போல கிகாலி மாபெரும் நகரம் அல்ல. 2022 கணக்கெடுப்பின்படி சுமார் 1.7 மில்லியன் பேர். தெருக்களில் குப்பை இல்லை. ‘மோட்டோ’ எனப்படும் மோட்டார்சைக்கிள் டாக்சியில் பயணிக்கும் தலைக்கவசம் உண்டு. பேருந்துக்கு நம் ஈசி-லிங்க் போன்ற அட்டை. இவ்வளவு ஒழுங்கான ஊரில், நான் ஏறிய பேருந்து மட்டும் ஆள் நிரம்பும்வரை நகரவில்லை.

பக்கத்தில் ஹோட்டல் ஊழியரான ஒரு பெண். “பயணம் அரை மணி நேரம்தான். காத்திருப்புக்குத்தான் கணக்கில்லை. அதனால் ஒரு மணி நேரம் முன்பே கிளம்பிவிடுவேன்,” என்றார். அவர் வீடு குன்றுச் சரிவில். பேருந்து ஓடுவதோ பெரிய சாலைகளில். இடைப்பட்ட தூரத்துக்கு நடை, அல்லது கூடுதல் காசு கொடுத்து மோட்டோ.

இந்நகரின் 2013 பெருந்திட்டத்தை வரைந்தது சிங்கப்பூரின் சுர்பானா நிறுவனம் என்பது பலருக்குத் தெரியாது. விரைவுப் பேருந்துகளுக்கான தனித்தடங்கள் அதில் இடம்பெற்றுள்ளன. வரைபடத்தில் கோடு போடுவது எளிது. அந்த இடத்தை ஆண்டுக்கணக்கில் காப்பதுதான் கடினம். சிங்கப்பூரின் 1971 நிலப் பயன்பாட்டுத் திட்டத்திலேயே ரயில் பாதைக்கு இடம் குறிக்கப்பட்டது. முதல் பெருவிரைவு ரயில் ஓடியது 1987இல்!

நடுத்தர நகரங்களுக்கு உள்ள வாய்ப்பும் இதுதான். கிகாலியில் பெரும்பாலான குடும்பங்களிடம் கார் இல்லை. கார்கள் பெருகி, சாலையோரம் கட்டடங்கள் எழுந்த பிறகு பேருந்துத் தடத்துக்கு இடம் தேடினால், யாருடைய வீட்டையாவது இடிக்க வேண்டியிருக்கும்.

2016 முதல் அங்கே ‘கார் இல்லா நாள்’ நடக்கிறது. ஞாயிறு காலையில் முக்கியச் சாலைகளில் கார்களுக்குத் தடை. மக்கள் ஓடுகிறார்கள், சைக்கிள் மிதிக்கிறார்கள். சாலையைக் கார்களிடமிருந்து கேட்டு வாங்க அந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது. திங்கட்கிழமை காலையில் ஒரே ஒரு தடத்தைப் பேருந்துக்கு ஒதுக்கி, நிரம்பாவிட்டாலும் நேரத்துக்குக் கிளம்பச் செய்தால், அந்தப் பெண்ணுக்குத் தினமும் அரை மணித் தூக்கமாவது மிஞ்சும்.