பாலாறு கடலைத் தொடும் ஊர்: சதுரங்கப்பட்டினம் போகலாமா?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி மக்களுக்குக் கடற்கரை என்றதும் மெரினாவும் மாமல்லபுரமும்தான் நினைவுக்கு வரும். ஆனால், இந்த ஊர்களைத் தொட்டு ஓடும் பாலாறு கடலில் சேர்வது சதுரங்கப்பட்டினத்துக்கு அருகே, வயலூரில்!

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது சதுரங்கப்பட்டினம். கடலைப் பார்த்தபடி நிற்கும் செங்கல் கோட்டையை 17-ம் நூற்றாண்டில் இங்கே வணிகத்துக்கு வந்த டச்சுக்காரர்கள் கட்டினார்கள். சதுரங்கப்பட்டினம் என்ற பெயர் அவர்கள் வாயில் 'சத்ராஸ்' ஆனது. இங்கிருந்து மெல்லிய மஸ்லின் துணிகள் கப்பலேறின.

1782 பிப்ரவரி 17 அன்று, இந்தக் கடலில் பீரங்கிகள் முழங்கின. பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் மோதிய ஐந்து கடற்போர்களில் முதலாவது அது. இன்று அதே கரையில் மீன்பிடிப் படகுகள் ஓய்வெடுக்கின்றன. கூட்டமோ இரைச்சலோ இல்லை.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டைக்குள் தானியக் கிடங்குகளையும், டச்சு எழுத்துகள் செதுக்கிய கல்லறைகளையும் பார்க்கலாம்.

கோட்டையைப் பார்த்த பிறகு, கொஞ்சம் தெற்கே முகத்துவாரத்துக்கும் போய் வாருங்கள். கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, 348 கி.மீ. கடந்து வரும் பாலாறு பெரும்பாலான மாதங்களில் வெறும் மணல்தான். 2021 நவம்பர் மழையில் கரைபுரண்டு ஓடியதை வேலூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வெள்ளமும் இந்தக் கடலுக்குத்தான் வந்தது.

தோல் தொழில் இந்தப் பகுதியில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதன் கழிவு, ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது, வேலூர் மக்கள் தொடர்ந்த வழக்கில்தான். 2025 ஜனவரியிலும் பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் பேச வேண்டியிருந்தது. முகத்துவாரத்தில் நிற்கும்போது, 'நம்ம ஊர் ஆறு இங்கே எப்படி வந்து சேருது?' என்று பிள்ளைகள் கேட்டால், இந்தக் கதையையும் சொல்லுங்கள்.

எப்படிப் போவது? வேலூரிலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் மூன்று மணி நேரம். ஆம்பூரிலிருந்து இன்னும் ஒரு மணி நேரம் கூடும். வெயிலுக்கு முன்பே கோட்டையைப் பார்த்துவிடுங்கள். தொப்பியும் குடிநீரும் அவசியம். அலை வேகமாக இருக்கும். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.