தீ வைப்பவர்களுக்கு நன்றி

வார்டெக்கன் ரேஞ்சர்களுக்கு,

காட்டில் தீ வைத்தவரைப் பிடித்து அபராதம் போடுவதுதான் எங்களுக்குப் பழக்கமான வனப் பாதுகாப்பு. நானோ, தீ வைப்பதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்லி எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவின் வட கோடியில், மேற்கு ஆர்னம் நிலத்துப் பாறைமேட்டில் வாழ்ந்த உங்கள் பூர்வகுடி முன்னோர் கடந்த நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷன்களுக்கும் சுரங்கங்களுக்கும் இறங்கிப் போனார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத காடு தானே செழிக்கும் என்பார்கள். அங்கே செழிக்கவில்லை. மழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் இருக்கும்போதே சிறு சிறு தீயாக வைத்துவந்த கைகள் இல்லை. காய்ந்து நின்ற புல்லெல்லாம் வறண்ட பருவத்தின் கடைசியில் பெருந்தீயாய்ப் பற்றியது. அன்பினிக் மரத்தோப்புகள் ஓரத்திலிருந்து கருகின; பாறை ஓவியங்களையும் தீ நெருங்கியது.

மூத்த ஓவியர் பர்டயல் 'லோஃப்டி' நாஜமெரெக் தன் மக்களோடு மேடேறித் திரும்பி, 2002இல் கபுல்வர்னம்யோவில் குடியமர்ந்தார். இன்று ஏப்ரல், மே மாதங்களில் நீங்கள் காட்டினூடே நடந்தே தீ வைக்கிறீர்கள்; கால் போகாத இடத்துக்கு ஹெலிகாப்டர். அதையும் மீறி வறண்ட பருவத்தின் பிற்பகுதியில் தீ கிளம்பினால், தண்ணீர் லாரி ஏறாத அந்தப் பாறைக்காட்டில் உங்கள் ஆயுதம் முதுகில் மாட்டிய புளோயர்தான். தோட்டத்தில் சருகு தள்ளும் அதே மெஷின்! சருகை ஊதி ஒதுக்கி வெறும் தரையாகக் கோடு போட்டால், தீ அதைத் தாண்டுவது கடினம். இரவெல்லாம் புகைக்குள் அந்த இரைச்சலோடு நடப்பவர்களுக்கு யார் சம்பளம் நிர்ணயிப்பது?

முன்கூட்டியே எரித்தால் வெளியேறும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் குறைவு. அதற்காகவே 2006 முதல் டார்வினின் எரிவாயு ஆலை, தன் புகைக்கு ஈடாகப் பணம் கொடுத்தது. ஆண்டுக்கு 1 லட்சம் டன் கரியமில வாயுவுக்கு ஈடான புகையைக் குறைப்பது இலக்கு. எரிவாயு விற்றுச் சம்பாதிப்பவர் உங்கள் தீக்குச்சிக்குக் காசு தந்ததில் எனக்கு முழுச் சம்மதமில்லை. ஆனால் அந்த வருமானம் உங்களைச் சொந்த மண்ணில் நிறுத்தியிருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

2015இல் கபுல்வர்னம்யோவிலேயே பள்ளியும் தொடங்கினீர்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லையென்றால் குடும்பங்கள் மறுபடி இறங்கிவிடும், பின்னாலேயே பெருந்தீ ஏறிவிடும். ஆகவே அங்கே பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் இந்த நன்றியில் பங்கு உண்டு. மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ் வாசகர்