விறாந்தை விருந்தாளி

வந்தவரை வாசலில் நிறுத்தி வைக்கும் வழக்கம் எங்கள் மட்டக்களப்பில் கிடையாது. அப்படியிருக்க, என் வீட்டு விறாந்தையில் ஒரு விருந்தாளி இருபது நாட்களாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறார் என்றால் வாசகர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அவர் வேறு யாருமல்லர். கட்டைவிரல் நீளமுள்ள ஒரு கோமாளி மீன்.

எங்கள் வீடு கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. சென்ற ஆண்டு பேத்திக்காகக் கூடத்தில் ஒரு கடல்மீன் தொட்டி அமைத்தேன். நான்கு மீன்கள், ஓர் இறால். ஐந்தாவதாக ஒரு வண்ணாத்தி மீனைச் சுழியோடி ஒருவரிடம் வாங்கினேன். "கொஞ்ச நாள் வேறாக வைத்துப் பாருங்கள் ஐயா" என்றார் அவர். கடலில் பிறந்த உயிருக்குக் கடல் நீரில் என்ன நோய் வந்துவிடப் போகிறது என்று அன்றைக்கே தொட்டியில் விட்டேன்.

ஐந்தாம் நாள் அதன் துடுப்பில் உப்புத் தூவியது போல வெண்புள்ளிகள் தோன்றின. பிறகு மற்றவற்றிலும். மீனின் தோலில் சில நாள் தின்று வளரும் ஒட்டுண்ணி அது. வளர்ந்ததும் உதிர்ந்து, மணலிலும் கல்லிலும் கூடு கட்டும்; ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகள் வெளிப்பட்டு மீண்டும் மீனைத் தேடும். செம்பு மருந்து அவற்றைக் கொல்லும். ஆனால் இறாலையும் கொல்லும். மணலும் கல்லும் மருந்தை உறிஞ்சிக் கொள்ளும். ஆகவே கைகட்டிப் பார்த்திருந்தேன். பத்து நாட்களில் ஐந்து மீன்களும் மாண்டன.

"அம்மப்பா, அந்தப் புது மீன்தானே நோயைக் கொண்டு வந்தது?" என்று பேத்தி கேட்டாள். "ஓம்" என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு நா எழவில்லை.

மீனில்லாத தொட்டியில் ஒட்டுண்ணி பட்டினியால் மடியும். சில கூடுகள் எழுபது நாள் தாண்டியும் உயிரோடிருக்கும் என்பதால் 76 நாட்கள் இறாலை மட்டும் வைத்துக் காத்திருந்தோம். அதற்கிடையில் விறாந்தையில் இரண்டாவது தொட்டி வந்தது. மணலில்லை, கல்லில்லை, வெறுங்கண்ணாடி. மீன் ஒளிந்திருக்க இரண்டு பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள். கழிவை நஞ்சாகாமல் மாற்றும் நுண்ணுயிர்கள் வேண்டுமே என்று, பெரிய தொட்டியில் காத்திருப்புக் காலம் முடிந்த பின்னர் அங்கே சில வாரம் ஊறிய பஞ்சு ஒன்று. தண்ணீரை மட்டும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

முதலில் வீட்டுக்கு அருகே என்பதால் வாவி நீரை மொண்டு வந்தேன். மார்கழி மழையில் வாவி பாதி நன்னீர் என்பது உப்பை அளக்கும் கருவியில்தான் விளங்கிற்று! பிழையாகத் தோன்றிய அந்த நீரே ஒரு வைத்தியம் என்று பின்னர் படித்தேன். கடல் நீரில் லீற்றருக்கு 35 கிராம் உப்பு. இரண்டு நாட்களில் சிறிது சிறிதாக அதைப் 15 கிராம் அளவுக்குக் குறைத்துச் சில வாரம் வைத்தால் ஒட்டுண்ணி தாங்காது. மீனின் குருதியே கடலைவிட உப்புக் குறைந்தது, ஆதலால் மீன் தாங்கும். இப்போது கடல் நீரில் கிணற்று நீரைக் கலந்து கொள்கிறேன். வாவியை நம்பினால் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு கணக்கு.

"எத்தனை நாளைக்கு இந்தச் சிறைவாசம்?" என்கிறாள் மனைவி. வெனிஸ் நகரத்தார் கொள்ளைநோய்க்கு அஞ்சிக் கப்பல்களை நாற்பது நாள் நிறுத்தினார்கள். குவாரன்டைன் என்ற சொல்லே அந்த நாற்பதிலிருந்து பிறந்ததுதான். 2020 இல் நாமும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோமே! மீனுக்கு நான் வைத்தது முப்பது நாள்.

ஆனாலும் என் அவசரம் என்னை விடவில்லை. சென்ற வாரம், புள்ளியொன்றும் இல்லையே, இன்றைக்கே விட்டுவிடலாமா என்று வலையைக் கையில் எடுத்தேன். பேத்தி பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவளிடம் சொன்னேன்: சுழியோடி எச்சரித்ததையும், நான் கேளாததையும்.

அவள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போய் நாட்காட்டியை எடுத்து வந்து தொட்டிக்கு மேலே மாட்டினாள். நாட்களை வெட்டுவது இப்போது அவள் பொறுப்பு. அந்தப் பென்சிலைத் தொட எனக்கு அனுமதியில்லை.